பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது டயரில் இருக்கும் 4 இலக்கங்களைப் படியுங்கள்

பழைய சொகுசு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போனால், விலை பேசும் முன் நான்கு டயர்களின் பக்கச்சுவரிலும் நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் 4 இலக்கங்களைப் படித்துவிடுங்கள். 2318 என்றால், 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். வெளிப்பக்கம் காணவில்லையா? உள்பக்கம் இருக்கும், டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள்.

இந்த வகைக் கார்கள் பெரும்பாலும் ஓடாமல் நிற்பவை. அதனால் டயரின் பட்டன் (தரையில் படும் மேடு பள்ளம்) தேயாமல் புதிது போலவே இருக்கும். ஆனால் ரப்பர் ஓடாவிட்டாலும் வயதாகி இறுகும், பிடிப்பு போய்விடும். வேகமான காருக்கு அது உண்மையிலேயே ஆபத்து. 10 வருடம் கடந்த டயரை, தேயாவிட்டாலும் மாற்றச் சொல்கிறார்கள் டயர் நிறுவனத்தார். 6 வருடத்திலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. அகலமான அந்த டயர்கள் ஒரு செட்டே பெரிய செலவு என்பதால், அதை அப்படியே விலையில் கழித்துக் கேட்கலாம்.

அப்புறம் இன்னொன்று. மீட்டர் மிகக் குறைந்த கிலோமீட்டர் காட்டுகிறது, டயரோ காரைவிட நாலைந்து வருடம் புதிது என்றால், மீட்டரைக் குறைத்திருக்கலாம்; ஏன் டயரை மாற்றினீர்கள் என்று கேளுங்கள், சர்வீஸ் பில்லோடு ஒப்பிடுங்கள். பின் டயர் மட்டும் புதிதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். பின்சக்கர இயக்கக் காரில் அது சீக்கிரமே தேயும். விற்பதற்காகவே நான்கையும் புதிதாகப் போட்டிருந்தால் இந்தக் குறிப்பு உதவாது.