வால் லேசாக இருக்கட்டும்: ஃபோம் ஸ்டன்ட் விமானம் கட்டிப் பறக்கவிடும் முறை

ரிமோட்டில் பறக்கும் ஃபோம் விமானம் கட்டும் மேசையில் கத்திக்குப் பக்கத்திலேயே நான் ஒரு டிஜிட்டல் தராசை வைத்திருப்பேன். ஒவ்வொரு துண்டையும் ஒட்டுவதற்கு முன் எடை பார்ப்பேன். ஸ்டன்ட் அடிக்கிற விமானத்துக்கு எடைதான் எல்லாமே. வாலில் சேரும் எடை அதிலும் மோசம். வால் ஈர்ப்பு மையத்திலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, பேட்டரி 15 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலில் 10 கிராம் பசை கூடினால், அதைச் சரிக்கட்ட மூக்கில் 33 கிராம் ஏற்ற வேண்டும். ஆக மொத்தம் 43 கிராம் வீண் சுமை.

முதல் விமானத்துக்கு நான் சொல்லும் அளவு: இறக்கையின் நீளம் 85 செ.மீ., அகலம் 25 செ.மீ., உடல் மூக்கிலிருந்து வால் வரை 90 செ.மீ. எல்லாமே 6 மி.மீ. தடிமனுள்ள தட்டை ஃபோம் ஷீட். உடலை ஒரு படுக்கைத் துண்டும் ஒரு நிமிர்ந்த துண்டும் குறுக்காகச் சேரும்படி வெட்டுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி தெரியும். இறக்கைக்கு வளைவே வேண்டாம். தட்டையான இறக்கை நேராகப் பறந்தாலும் தலைகீழாகப் பறந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஸ்டன்ட்டுக்கு அதுதான் தேவை.

பேட்டரியோடு சேர்த்து மொத்த எடை 400 கிராமுக்குள் நிற்க வேண்டும். 2212 அளவு, 1400 கே.வி. பிரஷ்லெஸ் மோட்டார், 8×4 அங்குலப் புரொப்பெல்லர் (விட்டம் 8, பிட்ச் 4), 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 850 முதல் 1000 எம்.ஏ.எச். வரை, வால், இறக்கைப் பலகைகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ 3 இருந்தால் போதும். கே.வி. என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு. மோட்டாரின் இழுவிசை விமானத்தின் எடையைவிடக் கூடுதலாக இருந்தால்தான் அது மூக்கில் தொங்கி நிற்கும். ஒன்றரை மடங்காவது இருக்கட்டும், இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி.

இறக்கைக்குள் கார்பன் பட்டை வையுங்கள். 5 மி.மீ. அகலப் பட்டையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, ஃபோமில் கீறிய பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். நிமிர்ந்த பட்டை மேலும் கீழும் வளையாது. படுத்த பட்டை வளைந்துகொடுக்கும். பிறகு இறக்கைக்கும் உடலின் அடிப்பகுதிக்கும் இடையே 1 மி.மீ. கார்பன் கம்பிகளை முக்கோணமாகக் கட்டுங்கள். ஒரு சில கிராமில் மொத்த விமானமும் முறுக்கிக்கொள்ளாமல் நிற்கும்.

பசையில் கவனம் வேண்டும். சாதாரண சூப்பர் குளூ பாலிஸ்டைரீன் ஃபோமைக் கரைத்துவிடும். ஃபோமுக்கென்றே வரும் வகையை வாங்கி, முதலில் கழிவுத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஹாட் குளூ சீக்கிரம் பிடிக்கும், ஆனால் கனம். அதை வால் பக்கம் நான் கொண்டுபோவதே இல்லை. மோட்டார் பொருத்தும் பிளைவுட் தகட்டுக்கு மட்டும் எபாக்ஸி.

ஒட்டும்போது இறக்கை, படுக்கை வால், மோட்டாரின் அச்சு மூன்றும் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரே கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். சமதளக் கண்ணாடி மேல் வைத்து ஒட்டினால் எளிது. இறக்கை அரை டிகிரி முறுக்கினாலும், லூப் (செங்குத்து வட்டம்) அடிக்கும்போது விமானம் ஒரு பக்கமாகச் சுருண்டு விழும். அதைப் பறக்கும்போது டிரிம் போட்டு (டிரான்ஸ்மிட்டரில் பலகைகளின் நடுநிலையைச் சற்று நகர்த்தி) முழுதாகச் சமாளிக்க முடியாது. பசை காயும்வரை பொறுமையாக நில்லுங்கள். மோட்டாரை மட்டும் வலப்பக்கம் சுமார் 2 டிகிரி திருப்பி வைக்கலாம்.

ஐலரான் (இறக்கையில் விமானத்தைப் புரட்டும் பலகை), எலிவேட்டர் (படுக்கை வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் பலகை), ரடர் (நிமிர்ந்த வாலில் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் பலகை) மூன்றின் முன்விளிம்பையும் 45 டிகிரி சரிவாகச் சீவி, சரிவு இல்லாத பக்கத்தில் டேப் ஒட்டினால் அதுவே கீல். பலகையை முழுக்க மடித்து உள்பக்கமும் ஒரு டேப் ஒட்டுங்கள், கழன்று வராது. ஹார்னில் (பலகையில் ஒட்டும் சிறு நெம்புத் தகட்டில்) கம்பி மாட்டும் துளை சரியாகக் கீல் கோட்டுக்கு மேல் வர வேண்டும்; தள்ளிப்போனால் ஒரு திசையில் அதிகமாகவும் மறுதிசையில் குறைவாகவும் அசையும். எலிவேட்டர், ரடர் சர்வோக்களை இறக்கைக்கு ஒட்டிப் பின்னால் வைத்து, மெல்லிய கார்பன் கம்பியால் வாலை இழுங்கள். கம்பி நடுவில் வில்லாக வளையாதபடி சிறு குழாய்த் துண்டுகளை ஆங்காங்கே தாங்கலாக ஒட்டிவிடுங்கள்.

டிரான்ஸ்மிட்டர் அமைக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள். இதில் விலக்கே கிடையாது. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றினால் போதும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள். பலகைகளின் அசைவுக்கு இரண்டு அளவு தேவை: பழகுவதற்கு 15 முதல் 20 டிகிரி, எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம், ஸ்டன்ட்டுக்கு 45 டிகிரி, எக்ஸ்போ 50 முதல் 60 சதவீதம்.

ஈர்ப்பு மையத்தை இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 7 செ.மீ. பின்னால் வைத்துத் தொடங்குங்கள். அதற்காக ஈயம் சேர்க்காமல் பேட்டரியை முன்பின் நகர்த்துங்கள். இறக்கையின் மேல்பக்கத்துக்கு ஒரு நிறமும் அடிப்பக்கத்துக்கு வேறு வடிவமும் கட்டாயம் கொடுங்கள். விமானம் புரளும்போது எது மேல், எது கீழ் என்று கண் உடனே சொல்ல வேண்டும்.

காற்று அசையாத அதிகாலை, ஆள் நடமாட்டம் இல்லாத திறந்தவெளி, உங்கள் ஊரின் பறக்கும் விதிகள் அனுமதிக்கும் இடம். மூன்றில் இரண்டு பங்கு திராட்டில் (மோட்டார் வேகம்) கொடுத்து, மூக்கைத் தூக்காமல் நேராக வீசுங்கள். நல்ல உயரம் போய் டிரிம் பண்ணுங்கள். பிறகு 45 டிகிரி ஏற்றத்தில் தலைகீழாகப் புரட்டி, எலிவேட்டர் ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். மூக்கு வேகமாகத் தரையை நோக்கித் தாழ்ந்தால் மூக்குக் கனம். வானத்தை நோக்கி எழும்பினால் வால் கனம். கோடு மாறாமல் போனால் ஈர்ப்பு மையம் சரி. பேட்டரியை அரை செ.மீ. நகர்த்தி நகர்த்தி இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

ரோல், லூப், தலைகீழ்ப் பறப்பு இவை சீக்கிரம் கைவரும். தலைகீழாக இருக்கையில் எலிவேட்டர் ஸ்டிக்கைக் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். நைஃப் எட்ஜில் (பக்கவாட்டில் சாய்ந்தபடி பறப்பதில்) இறக்கை செங்குத்தாக நிற்பதால், ரடரால் மூக்கைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்; உடலின் பக்கம்தான் விமானத்தைத் தாங்குகிறது.

ஹோவருக்குத்தான் (மூக்கு மேலே பார்க்க ஒரே இடத்தில் தொங்கி நிற்பதற்கு) உழைப்பு வேண்டும். வேகத்தைக் குறைத்து எலிவேட்டரை மெல்ல இழுத்து மூக்கைச் செங்குத்தாக்குங்கள். திராட்டிலை ஒரே இடத்தில் பிடித்துவைக்காமல் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே இருங்கள். மோட்டாரின் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் சுழற்றப் பார்க்கும். வலது ஐலரானால் அடக்குங்கள். விமானத்தின் முதுகு உங்களைப் பார்த்திருந்தால் ரடர் சாய்ந்த பக்கமே போகும், வயிறு உங்களைப் பார்த்திருந்தால் எதிராகப் போகும். இது கையில் ஊறும்வரை கணினி சிமுலேட்டரில் பழகுங்கள். கைவிட்டுப் போகிறது என்று தோன்றினால் முழு திராட்டில் கொடுத்து மேலே ஏறிவிடுங்கள்.

டைமரை 5 நிமிடத்துக்கு வையுங்கள். பேட்டரியில் ஒரு செல்லும் 3.5 வோல்ட்டுக்குக் கீழே போக விடாமல் இறக்கி, அன்றைக்கு முடிந்ததும் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் கொண்டுவந்து எடுத்துவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் டேப் கீல்களையும் மோட்டார் திருகுகளையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.