பழைய அவுட்போர்டு மோட்டார் வாங்குமுன்: சூடு, எண்ணெய், தண்ணீர்

குமரிக் கடற்கரை வள்ளங்களின் பின்பலகையில் பரவலாகப் பார்க்கிற 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் மோட்டாரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். யமஹாவோ சுசுகியோ, பார்க்கிற முறை ஒன்றுதான். ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி), ஒரு டார்ச், கொஞ்சம் பழந்துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

போனதும் முதல் வேலை, மேல்மூடியைக் கழற்றி சிலிண்டர் பக்கம் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் ஒருமுறை அப்படி ஏமாந்தேன். என் எதிரில் ஒரே இழுப்பில் பிடித்த மோட்டார், மறுநாள் விடியற்காலையில் இருபது இழுப்புக்கும் அசையவில்லை. சூடாக இருந்தால் ஆறும்வரை டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மூடியைத் திறந்த கையோடு உள்ளேயும் பாருங்கள். கொஞ்சம் உப்புப் பூத்திருப்பது கடல் மோட்டாருக்குச் சகஜம். சிலிண்டர் ஹெட் ஓரத்தில் வெள்ளையாக வழிந்த தடம் இருந்தால் கேஸ்கட்டில் கசிவு என்று சந்தேகப்படுங்கள். புதுப் பெயிண்ட் எனக்குப் பிடிக்காது, அதுவும் சிலிண்டர் மேல் மட்டும் அடித்திருந்தால்: அந்த இடத்துப் பெயிண்ட் சூட்டில் பொரிந்து போயிருக்கலாம். மோட்டாரை உப்பு அரிக்காமல் இருக்கத் தன்னையே அரிக்கக் கொடுக்கும் துத்தநாகக் கட்டி பாதி அரித்திருந்தால் நல்லதுதான், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அதன் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தால் அது இருந்தும் பயனில்லை.

அடுத்தது கியர் ஆயில். அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இது. கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், மோட்டார் ஓடாமல் நிமிர்ந்து நிற்கும்போது அது கீழே தங்கும்; அடியில் திறந்தால் அதுதான் முதலில் வரும். அதனால் மேல் திருகைத் தொடாமல், கியர் பெட்டியின் அடித் திருகை மட்டும் மெல்லத் தளர்த்தி, சில சொட்டுகளை விரலில் பிடியுங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் சீல் போயிருக்கிறது, தண்ணீர் ஏறுகிறது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் நெடுநாளாக மாற்றவில்லை. விரலிடுக்கில் தேய்க்கும்போது மாவு போலச் சாம்பல் நிறம் ஒட்டினால் பயமில்லை; துணுக்கு நெருடினால் கியர் பல் உதிர்கிறது, எழுந்து வந்துவிடுங்கள். ஆயில் பளிச்சென்று புதிதாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். தண்ணீரில் ஓட்டி, அரை மணி நேரம் நிறுத்திவைத்து, இன்னொரு தடவை பாருங்கள். சீல் கெடுவதற்கு ஒரு காரணம் ப்ரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும் தங்கூசி, அதாவது நைலான் மீன்பிடி நூல். அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். நியூட்ரலில் ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றும்போது நடுத்தண்டு ஆடினால் எதிலோ பலமாக மோதியிருக்கிறது.

கம்ப்ரெஷன் பார்க்க இரண்டு பிளக்கையும் கழற்றி, ஸ்டாப் சுவிட்ச் கயிற்றை உருவிவிடுங்கள். கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை ஐந்தாறு தடவை ஸ்டார்ட்டர் கயிற்றை இழுங்கள். அழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 115, 110 என்றால் நிம்மதி. 115, 85 என்றால் பிஸ்டன் ரிங்கோ கேஸ்கட்டோ போயிருக்கிறது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி இழுங்கள்: அளவு ஏறினால் ரிங் தேய்மானம்.

சரி, இனி ஓட்டலாம். தண்ணீரில்லாமல் மட்டும் ஓட்டவே கூடாது, மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். டிரம்மில் வைத்தால் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் தண்ணீர் பீச்ச வேண்டும். நூலாக ஒழுகினால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், வழியில் உப்பு அடைத்திருக்கலாம். முன்னது சின்னச் செலவு, விலையைக் குறைத்துக் கேளுங்கள். மண்ணெண்ணெய் மோட்டார் என்றால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் பாருங்கள். மாற்றும்போது மூச்சு வாங்கக் கூடாது.

டிரம்மோடு திருப்திப்படாமல் வள்ளத்தில் மாட்டிக் கடலுக்குப் போங்கள். முழு வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். மோட்டார் அலறியும் வள்ளம் வேகம் எடுக்காவிட்டால் ப்ரொப்பல்லரின் உள் ரப்பர் வழுக்குகிறது. கியர் தானாகத் துள்ளி விழுந்தால், அது பெரிய செலவு.

வள்ளத்தின் பின்பலகை உயரத்தை வீட்டிலேயே அளந்து வையுங்கள். மோட்டாரின் ஷாஃப்ட் (கீழே இறங்கும் தண்டு) அதற்குப் பொருந்தும் நீளமா, 15 அங்குலமா, 20 அங்குலமா என்று பார்க்காமல் வாங்கி, பிறகு பலகையை வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கொடுக்குமுன், மோட்டாரை வள்ளத்தில் மாட்டும் பிராக்கெட்டில் இருக்கும் தகட்டின் வரிசை எண்ணை பில்லோடு ஒப்பிடுங்கள். தகடு சுரண்டியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மானியத்தில் எடுத்த மோட்டாரா என்றும் கேளுங்கள், விற்பதற்கு நிபந்தனை இருக்கலாம்.