ஆம்பருக்குள்ள இருக்கறது எறும்பா குளவியா, பார்க்கறது எப்படி?

பல கோடி வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து இறுகிப்போன மரப்பிசின்தான் ஆம்பர். அதுல எறும்பு மாதிரி ஒண்ணு மாட்டியிருந்தா உடனே எறும்புன்னு முடிவு பண்ணிடாதீங்க, றெக்கை இல்லாத குளவியும் அசப்புல அப்படியேதான் இருக்கும். எனக்கு இதுல அளவுகோல் ஆம்பருக்குள்ள கிடைச்ச ஸ்பெகோமிர்மா ஃப்ரேயிங்கற பழங்கால எறும்பு. அமெரிக்காவுல நியூ ஜெர்சி கிளிஃப்வுட் கடற்கரையில 1966ல கிடைச்சது, சுமார் 9 கோடி வருஷம் பழசு, இந்த இனம் இப்போ உலகத்துல எங்கயும் இல்ல.

முதல்ல மேஜை மேல தடிப்பான துணி விரிச்சுக்கோங்க. அந்த நியூ ஜெர்சி கல்லே ஹார்வர்டுல கை தவறி விழுந்து ரெண்டா உடைஞ்சுது, நல்லவேளை ஒவ்வொரு துண்டுலயும் ஒரு எறும்பு முழுசா தப்பிச்சுது. கல்லை வெறும் தண்ணில கழுவுங்க, நெயில் பாலிஷ் ரிமூவர், ஸ்பிரிட் பக்கமே போகாதீங்க. மேல கீறல் இருந்தா ஒரு சொட்டு தண்ணி விட்டு மெல்லிசான கண்ணாடித் துண்டால மூடுங்க, உள்ள இருக்கறது பளிச்சுனு தெரியும். லைட் பக்கவாட்டுல இருந்து வரணும்.

இப்போ இடுப்பு. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் கிள்ளி விட்ட மாதிரி தனியா ஒரு சின்ன முடிச்சு இருக்கான்னு சைடுல இருந்து பாருங்க. அது எறும்புக்கான அடையாளம், ஸ்பெகோமிர்மாவுக்கு தெளிவாவே இருக்கு.

அடுத்தது தலை, இங்கதான் நிறைய பேர் குழம்பிடறாங்க. இன்னிக்கு இருக்கற எறும்புக்கு உணர்கொம்போட முதல் கணு நீளமா போய் முழங்கை மாதிரி மடங்கும், ஸ்பெகோமிர்மாவுக்கு அந்தக் கணு குட்டை, தாடையிலயும் ரெண்டே பல்லு, அப்படியே குளவி ஜாடை. அதனால தலையை மட்டும் பார்த்து குளவின்னு ஒதுக்கிடக் கூடாது.

பெரிய சாட்சி பின்னங்கால் உடம்போட சேர்ற இடத்துக்கு கொஞ்சம் மேல இருக்கு, ஊசி முனை மாதிரி ஒரு துளை. கிருமியை கொல்லற திரவம் சுரக்கற சுரப்பியோட வாய் அது, எறும்புக்கு மட்டுமே உள்ளது. 1967ல வில்சன், கார்ப்பென்டர், பிரவுன்னு மூணு பூச்சி ஆராய்ச்சியாளர்கள் ஸ்பெகோமிர்மாவை எறும்புன்னு எழுதினப்போ இந்த சுரப்பிதான் முக்கியமான ஆதாரமா நின்னுச்சு. இதுக்கு கை லென்ஸ் பத்தாது, மைக்ராஸ்கோப் வேணும். துளை தெரியலங்கறதுக்காக மட்டும் எறும்பு இல்லன்னு சொல்லிடாதீங்க, இன்னிக்கு உயிரோட இருக்கற கேம்போனோட்டஸ் எறும்புல பெரும்பாலானதுக்கே அது கிடையாது.

இன்னும் தெளிவா தெரியட்டும்னு கல்லை தேய்க்கறதுக்கு முன்னாடி எல்லா பக்கமும் போட்டோ எடுத்துடுங்க ப்ளீஸ், ஒரு இழை கூட தேய்ஞ்சா அந்தத் துளையே போயிடும்.