பழைய ஆங்கிலேயக் கல் பண்ணைவீடு: பழுதுபார்க்கப் போய்ப் பாழாக்கும் தவறுகள்

இங்கிலாந்துக் கிராமங்களில் 300, 400 வருடப் பழைய கல் பண்ணைவீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மழையையும் பனியையும் தாங்கிய சுவர்கள், நல்லெண்ணத்தோடு செய்த ரிப்பேரில்தான் அடிவாங்கியிருக்கின்றன.

முதல் குற்றவாளி சிமெண்ட். இந்த வீடுகளின் சுவர் பெரும்பாலும் இரண்டு அடுக்கு: வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். அரை மீட்டர் பருமன் சாதாரணம். தரை ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம் கிடையாது. மழைநீர் கொஞ்சம் உள்ளே போகும். கல்லிடுக்கின் சுண்ணாம்புச் சாந்து வழியாகக் காய்ந்து வெளியேறும். இடுக்கைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் ஈரம் கல் வழியாகத்தான் காய வேண்டும். அதிலுள்ள உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகும், குளிர்காலத்தில் நீர் உறைந்து விரியும், கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். கடைசியில் கல் உள்வாங்கி, சிமெண்ட் மட்டும் தேன்கூட்டின் விளிம்பு மாதிரி துருத்தி நிற்கும்.

அப்புறம் உள்சுவரில் ஈரம் தெரிகிறதே என்று சுவரைத் துளைத்து ரசாயனம் ஏற்றுவார்கள். நடுவில் சில்லும் இடைவெளியுமாக இருக்கும் சுவரில் அது தொடர்ச்சியான தடுப்பாக அமைவது கடினம். அந்தச் செலவுக்கு முன், கூரையின் மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, பூச்செடிக்காகக் குவித்த மண் வீட்டுத் தரையைவிட உயர்ந்து சுவரை ஒட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே பூசிய சிமெண்டைக் கொத்தி எடுப்பதிலும் அவசரம் கூடாது. கெட்டியாகப் பிடித்திருந்தால் கல்லின் விளிம்பும் சேர்ந்து பெயரும். அங்கே விட்டுவைப்பதே மேல். புதிய சுண்ணாம்புச் சாந்துக்கு உறைபனி ஆகாது, அதனால் குளிர்காலத்தில் அந்த வேலை வேண்டாம்.

கல் வீடு என்றால் கல் தெரிய வேண்டும் என்று பூச்சை உரிப்பது அடுத்த தவறு. வடமேற்கு இங்கிலாந்தில் மழை கொட்டும் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், ஒழுங்கற்ற கல்லால் கட்டி மேலே சொரசொரப்பாகப் பூசுவது பழைய வழக்கம். அங்கேயுள்ள நியர் சாரி ஊரில் எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் 1905இல் வாங்கிய ஹில் டாப், அப்படிப் பூசப்பட்ட 17ஆம் நூற்றாண்டுப் பண்ணைவீடுதான். அதில் 1906 என்று பொறித்த பலகை ஒன்று உண்டு. அது அவர் சேர்த்துக் கட்டிய பகுதிக்கு உரியது. அதைப் பார்த்து வீட்டுக்கு வயது சொன்னால் 200 வருடம் தவறிவிடும். யார்க்‌ஷயர் வீடுகளின் வாசல்மேல் கல்லில் தம்பதியின் பெயரெழுத்துகளோடு இருக்கும் ஆண்டும் இப்படித்தான். அது திருமணத்தையோ புதுப்பித்ததையோ குறிக்கலாம், வேறிடத்திலிருந்து பெயர்த்துவந்த கல்லாகவும் இருக்கலாம்.

அடைபட்ட ஜன்னலைக் கண்டதும், ஜன்னல் எண்ணிக்கைக்கு ஏற்பப் போட்ட ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்பார்கள் எல்லாரும். 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது உண்மை. ஆனால் படிக்கட்டுக்காகவும் அடுப்பங்கரைக்காகவும் அடைத்தவையும் உண்டு. ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கல் விளிம்பை அலங்காரம் என்று வெட்டிவிடாதீர்கள். சுவரில் வழியும் நீரைத் தள்ளிவிடுவது அதுதான்.

கூரையில் கணக்கு இன்னும் நுட்பமானது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் சுமார் 1600இல் பண்ணைவீடாகக் கட்டிய கெல்ம்ஸ்காட் மேனரைப் பாருங்கள்: இறவாரத்தில் பெரிய கல்தகடுகள், மேலே போகப் போகச் சிறியவை. 1871இல் அதை வாடகைக்கு எடுத்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸுக்கு இந்த வரிசை மிகவும் பிடித்திருந்தது. எல்லாம் ஒரே அளவில் கான்கிரீட் ஓடு போட்டால் வீட்டின் முகமே மாறிவிடும்; எனக்கு அது சகிக்காது. 1877இல் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் சுண்ணாம்பு வேலைக்கு ஆலோசனை தருகிறது.

கடைசியாகச் சட்டம். அரசின் பழங்கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடு என்றால் பாதுகாப்பு முகப்போடு முடிவதில்லை, உட்புறமும் அடங்கும். அதன் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது இங்கிலாந்தில் குற்றம். முந்தைய உரிமையாளர் செய்திருந்தாலும், சரிசெய்யச் சொல்லும் உத்தரவு இன்றைய உரிமையாளருக்கு வரலாம். வாங்கும் முன்பே பழைய அனுமதிக் கடிதங்களை வக்கீல் மூலம் கேட்டு வாங்கிவிடுங்கள்.