கையடக்க கேம் கன்சோல் ஆன் ஆகவில்லையா? சேவ் ஃபைல் போகாமல் சரிபார்க்கும் முறை

நேற்று இரவு வரை நன்றாக ஓடிய கன்சோல், இன்று பவர் பட்டனை அமுக்கினால் அசையவில்லை. உடனே சிலர் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார்கள், சிலர் ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குவது) எப்படி என்று தேடுவார்கள். இரண்டும் இப்போது வேண்டாம். கன்சோலை வேறு வாங்கிவிடலாம். மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த சேவ் ஃபைல் போனால் போனதுதான். அதனால் எதையும் அழிக்காத வேலைகளை முதலிலும், அழிக்கக்கூடியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: பின்பக்கத்தைப் பாருங்கள்

பின்மூடி புடைத்திருக்கிறதா? மேசையில் வைத்தால் ஆடுகிறதா? திரையின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அப்படியானால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அதை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

படி 2: ஒரு மணி நேரம் சார்ஜில் விடுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஐந்து நிமிடம் சார்ஜ் போட்டு, விளக்கு எரியவில்லை என்றதும் கன்சோல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லித்தியம் பேட்டரி அடியோடு தீர்ந்துவிட்டால், உள்ளே இருக்கும் சார்ஜ் சர்க்யூட் முதலில் மிகக் குறைந்த மின்சாரத்தை மட்டுமே அனுப்பும். அந்த நேரத்தில் திரையில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். பல மாதம் அலமாரியில் கிடந்த கன்சோலுக்கு இது சாதாரணம். பட்டனைத் தொடாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

சார்ஜரும் முக்கியம். கன்சோலோடு வந்ததையே நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். டாக் (கன்சோலை டிவியோடு இணைக்கும் தாங்கி) வழியாகவோ லேப்டாப்பிலிருந்தோ வேண்டாம். உதாரணமாக, வால்வ் நிறுவனத்தின் கையடக்க கன்சோலான ஸ்டீம் டெக்கோடு வருவது 45 வாட் சார்ஜர். பழைய ஃபோன் சார்ஜர் அதற்கு ஈடாகாது.

யூஎஸ்பி-சி கேபிளாக இருந்தால், முனையை உருவி, தலைகீழாகத் திருப்பிச் செருகிப் பாருங்கள். ஒரு பக்கம் சார்ஜ் ஏறி மறுபக்கம் ஏறவில்லையென்றால், போர்ட்டிலோ கேபிளிலோ பின் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு கேபிள் போட்டால் எதில் கோளாறு என்று தெரிந்துவிடும். போர்ட்டுக்குள் பஞ்சும் தூசியும் அடைந்திருந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, பின் எதையும் உள்ளே விடாதீர்கள்.

படி 3: முழுமையாக அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள்

திரை கருப்பாக இருப்பதால் கன்சோல் அணைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. திரை மட்டும் அணைந்திருக்கும் ஸ்லீப் நிலையிலேயே ஹேங் ஆகி நிற்கலாம். நிண்டெண்டோ ஸ்விட்சில் பவர் பட்டனை 12 விநாடிக்குக் குறையாமல் அமுக்கிப் பிடியுங்கள். ஸ்டீம் டெக்கிலும் ஏறத்தாழ அப்படித்தான். கையை எடுத்து, சில விநாடி விட்டு, ஒரே ஒரு தடவை அமுக்குங்கள். கடைசியாக சேவ் செய்த பிறகு ஆடியது மட்டும்தான் இதில் போகும்.

சத்தம் வருகிறது, படம் மட்டும் இல்லையா? இருட்டறையில் திரை மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். எல்சிடி திரையில் மங்கலாக உருவம் தெரிந்தால் கன்சோல் நன்றாகத்தான் இருக்கிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. ஓஎல்இடி திரைக்குத் தனிப் பின்விளக்கு கிடையாது, அதனால் இந்தச் சோதனை பொருந்தாது.

படி 4: கார்டுகளைக் கழற்றுங்கள்

கேம் கார்டு, மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஆன் ஆனால் குற்றவாளி கார்டுதான்.

1989-இல் வந்த நிண்டெண்டோவின் கையடக்க கன்சோலான கேம் பாயில் இதை அழகாகப் பார்க்கலாம். ஆன் செய்ததும் மேலிருந்து இறங்கும் நிண்டெண்டோ லோகோவை அது கேட்ரிட்ஜிலிருந்துதான் (செருகும் கேம் பெட்டி) படிக்கிறது. படித்தது, தனக்குள் இருக்கும் பிரதியோடு பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். லோகோ இருக்கும் இடத்தில் கருப்புப் பட்டையோ கோணல்மாணலான உருவமோ இறங்கினால், பெரும்பாலும் கேட்ரிட்ஜின் உலோக முனைகளில் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும்.

பழைய கேம்களை ஓட்டும் சிறிய கன்சோல்கள் பலவற்றில் இயங்குதளமே மெமரி கார்டில்தான் இருக்கிறது. கார்டு கெட்டால் கன்சோலே செத்ததுபோல் கிடக்கும். அந்தக் கார்டைக் கணினியில் போட்டதும் ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கலாம். இந்தக் கன்சோல்களின் இயங்குதளம் பெரும்பாலும் லினக்ஸ்; கார்டில் அதன் பகுதிகளை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படிக்க முடிகிற ஃபைல்களை முதலில் நகல் எடுத்துவிட்டு, தரமான புதுக் கார்டில் இயங்குதளத்தை ஏற்றுங்கள்.

படி 5: லோகோ வந்து அங்கேயே நின்றால்

இது பெரும்பாலும் மென்பொருள் கோளாறு. ஸ்விட்சை அணைத்துவிட்டு, வால்யூம் பட்டன் இரண்டையும் பிடித்துக்கொண்டே பவரை அமுக்கினால் பராமரிப்பு மெனு வரும். முதலில் அப்டேட்டை முயலுங்கள். சரியாகாவிட்டால், சேவ் ஃபைலை அழிக்காமல் கன்சோலைத் துவக்க நிலைக்குக் கொண்டுபோகும் தேர்வு இருக்கிறது. கேம்களைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். அதே மெனுவில் எல்லாவற்றையும் அழிக்கும் தேர்வும் இருப்பதால் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு அமுக்குங்கள். ஸ்டீம் டெக்கில் மூன்று புள்ளி பட்டனைப் பிடித்துக்கொண்டு பவரை அமுக்கினால், முந்தைய இயங்குதளப் பதிப்புக்குத் திரும்பலாம்.

இத்தனைக்கும் அசையாவிட்டால், அல்லது தண்ணீர் பட்டிருந்தால், கருகிய வாடை வந்தால், பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஸ்விட்சில் சேவ் ஃபைல்கள் மெமரி கார்டில் இல்லை, கன்சோலுக்குள்தான் இருக்கின்றன. அதனால் ‘என்னைக் கேட்காமல் ரீசெட் செய்யவோ போர்டை மாற்றவோ வேண்டாம்’ என்று ஒரு தாளில் எழுதி, கன்சோலின் முதுகிலேயே ஒட்டிக் கொடுங்கள்.