வளர்ச்சிக் குறைப்பு விவாதத்தை எடைபோடுவது எப்படி?
சுற்றுச்சூழலைக் காக்க உற்பத்தியையும் நுகர்வையும் திட்டமிட்டுக் குறைக்க வேண்டும் என்பதே வளர்ச்சிக் குறைப்பு (degrowth). ஒருவர் அதை ஆதரித்தால், எந்த நாட்டில், எதைக் குறைக்கச் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். இதை ஆதரிக்கும் ஆய்வாளர்களான ஜேசன் ஹிக்கல், யோர்கோஸ் கல்லிஸ் போன்றோர் பணக்கார நாடுகளின் எரிசக்தி, மூலப்பொருள் பயன்பாட்டைச் சொல்கிறார்களே தவிர, ஏழை நாடுகளுடையதை அல்ல.

பசுமை வளர்ச்சியே, அதாவது பொருளாதாரம் வளரும்போதே உமிழ்வைக் குறைப்பதே, போதும் என்பவர் அப்படி உமிழ்வு குறைந்த நாடாகப் பிரிட்டனைச் சான்று காட்டினால், இறக்குமதியாகும் பொருள்களை வெளிநாட்டில் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயு உள்நாட்டு உமிழ்வுக் கணக்கில் சேராது என்பதால், அதையும் சேர்க்கும் நுகர்வு அடிப்படையிலான கணக்கையும் கேளுங்கள். அதிலும் சரிவு உண்டு, ஆனால் குறைவு.

வளர்ச்சிக் குறைப்புக்குப் பொருளாதார அறிஞர் பிராங்கோ மிலனோவிச் சொல்லும் மறுப்பு வேறு வகை: வருமானம் குறைவதற்குப் பணக்கார நாட்டு மக்கள் இசையமாட்டார்கள் என்பது. ஆதரவாளர்கள் இதற்குத்தான் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்பது என் கணிப்பு.

2023 மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நடந்த 'வளர்ச்சிக்கு அப்பால்' மாநாட்டைப் பலர் ஆதரவாகக் காட்டுவார்கள். அது பல கட்சி உறுப்பினர்கள் சேர்ந்து கூட்டியது, நாடாளுமன்றத்தின் தீர்மானம் அல்ல.