அமெரிக்க அடிமை முறைத் தகராறுகள்: ஒரே வரைபடத்தில் திருப்புதல்

1787 முதல் 1861 வரை ஆண்டுகளை மட்டும் உருப்போட்டால், தேர்வறையில் 1820-ம் 1850-ம் குழம்பும். இரண்டுக்கும் பெயர் ‘சமரசம்’தான். நிலத்தை வைத்துப் படியுங்கள். புது நிலம் சேர்ந்தபோதெல்லாம், அங்கே அடிமை முறை உண்டா இல்லையா என்று சண்டை வந்தது.

முதலில் வெள்ளைத்தாளில் பென்சிலால் வரைபடம் போடுங்கள். அழகு வேண்டாம், மிசிசிப்பி, ஒஹாயோ ஆறுகள் இடம் மாறாமல் இருந்தால் போதும். ஒஹாயோவுக்கு வடக்கே ‘1787, அடிமை முறைக்குத் தடை’ என்று எழுதுங்கள். அதே ஆண்டின் ஐந்தில் மூன்று விதியை ஓரத்தில் குறியுங்கள். அடிமைகளுக்கு ஐந்தில் மூன்று ஓட்டு என்று எழுதித்தான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். அவர்களுக்கு ஓட்டே கிடையாது. மக்கள்தொகைக் கணக்கில் 5 அடிமைகளை 3 பேராக எண்ணினார்கள். லாபம் தென் மாநிலங்களுக்கு, பிரதிநிதிகள் சபையில் கூடுதல் இடங்கள்.

அடுத்து, 1803-ல் வாங்கிய லூசியானா நிலத்துக்கு ஒரு நிறம். 1819 முடிவில் அடிமை முறை உள்ள ‘அடிமை மாநிலங்கள்’ 11, இல்லாத ‘சுதந்திர மாநிலங்கள்’ 11. மாநிலத்துக்கு 2 செனட்டர்கள். மிசௌரி சேர்ந்தால் தராசு சாயும். அதனால் 1820-ல் மிசௌரி அடிமை மாநிலம், மெய்ன் சுதந்திர மாநிலம், லூசியானா நிலத்தின் குறுக்கே 36°30′ அட்சக்கோடு; மிசௌரி தவிர, அதற்கு வடக்கே அடிமை முறைக்குத் தடை. மிசௌரியின் தெற்கு எல்லையை ஒட்டி மேற்கே ஸ்கேலால் இழுத்து, லூசியானா நிலம் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். பசிபிக் கடல்வரை இழுத்துவிட்டால், பிறகு கலிஃபோர்னியாவுக்கு ஏன் சண்டை என்பதே புரியாது.

1848-ல் மெக்சிகோவிடமிருந்து வந்த நிலத்துக்கு வேறு நிறம். 1850-ல் கலிஃபோர்னியா சுதந்திர மாநிலமானது. யூட்டாவும் நியூ மெக்சிகோவும் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். தெற்குக்குக் கிடைத்தது கடுமையான தப்பியோடிய அடிமைகள் சட்டம். பிடிபட்டவரைத் திருப்பி அனுப்பினால் விசாரித்த அதிகாரிக்கு 10 டாலர், விடுவித்தால் 5. வடக்கு ஏன் கொதித்தது என்று விளக்க இந்த இரண்டு எண்கள் போதும்.

இப்போது அழிப்பான். 1854-ல் கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் 36°30′ கோட்டை நீக்கியது. சுவடு தெரியும்படி அழியுங்கள். 1857-ல் உச்ச நீதிமன்றத்தின் டிரெட் ஸ்காட் தீர்ப்பு, இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமே இல்லை என்றது. அதாவது, ஏற்கெனவே நீங்கிய கோடு முதலிலிருந்தே செல்லாது! இந்த வரிசையை மாற்றி எழுதாதீர்கள்.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக்கிடங்கில் அடிமை முறை எதிர்ப்பாளர் ஜான் பிரௌனின் தாக்குதல் (1859), அதிபர் தேர்தலில் லிங்கனின் வெற்றி (1860), உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்த சம்ட்டர் கோட்டைத் தாக்குதல் (1861) மூன்றையும் ஓரத்தில் எழுதினால் போதும். மறுநாள் புதுத்தாளில், பார்க்காமல், 10 நிமிடத்தில் மறுபடி வரையுங்கள். விடுபட்டதை மட்டும் திரும்பப் படியுங்கள்.